பொத்தான் பரீட்சை

பக்கவாதத்தில் சுருண்ட கையைச் சட்டைப் பொத்தான் போடவும் சோறு பிசையவும் மறுபடி பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி. தீப்பெட்டி ஒட்டியும் கடலை மிட்டாய் கட்டியும் கைவேலையிலேயே ஊரை வளர்த்த கோவில்பட்டிக்கு இதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மத்திய அரசு நிறுவனத்தில் இதை முதுநிலையாகப் படிக்க, கரிசல்காட்டுப் பிள்ளை ஒடிசாவின் கட்டாக் போன்ற ஊர்கள் வரை பார்வையை நீட்டி, நுழைவுத் தேர்வில் முந்த வேண்டும். இடம் கொஞ்சம், சலிக்காமல் எப்படி என்பார்கள். சலிக்கட்டும். பெரியவர் ஒருவர் பொத்தானோடு அரைமணி நேரம் மல்லாடும்போது, சிகிச்சையாளர் தானே போட்டுவிடாமல் காத்திருக்கும் பொறுமை எந்தச் சல்லடையில் தங்கும்? கடிகாரத்தோடு ஓடும் பரீட்சை அவசரக்காரரைத்தான் மெச்சும். பொறுமையை அளக்க முடியாதாம். தேர்வு எழுதுபவரை வார்டில் ஒருநாள் உட்காரவைத்தால் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். 2021-இல் இத்தகைய தொழில்களுக்கென்றே தேசிய ஆணையச் சட்டம் வந்திருக்கிறது. அந்த ஒருநாளுக்கும் மதிப்பெண் உண்டென்று ஆணையம் ஒரு வரி எழுதட்டும்.