வீட்டுக்கு ஒரு ஊதியக் குழு

பாக்கெட் மணி எவ்வளவு கொடுப்பது என்று முடிவெடுக்க உட்காருமுன் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்பிவிடுங்கள். தாத்தாவையும் பால் வாங்க அனுப்பிவிட்டால் உத்தமம். காரணம் பின்னால் வரும்.

"எங்கப்பா எனக்கு நாலணாதான் கொடுப்பார்" என்று மட்டும் பேச்சைத் தொடங்காதீர்கள். அந்த நாலணாவில் தேன்மிட்டாய் வாங்கி மிச்சம் பிடித்த கதையும் வேண்டாம். நாலணா 2011 ஜூன் 30-ஓடு செல்லாக்காசாகிவிட்டது என்று பிள்ளை போனில் எடுத்துக் காட்டும்.

அரசு ஊழியர்களுக்குக் கூடுதலாக ஓர் எச்சரிக்கை: சாப்பிடும்போது சம்பளக் கணக்குப் பேசக்கூடாது. நான் பேசினேன். ஏழாவது படிக்கும் மகளுக்கு வாரம் 50 ரூபாய் என்று நிர்ணயித்து, பேச்சுவார்த்தை சுமுகமாக முடிந்ததாக நிம்மதியாக இருந்தேன். ஜூலையில் ஒரு தாளை நீட்டினாள். "உங்களுக்கு ஜனவரிக்கும் ஜூலைக்கும் டிஏ ஏறுதுல்லப்பா, எனக்கு?"

ஏழாவது ஊதியக் குழுவில் பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57-ஆல் பெருக்கினார்கள் என்று என்றைக்கோ சாம்பார் ஊற்றிக்கொண்டே சொல்லித் தொலைத்திருக்கிறேன். தாளில் அந்தக் கணக்கும் இருந்தது: 128 ரூபாய் 50 காசு. ஐம்பது காசு சட்டப்படி இன்னும் செல்லும், பெட்டிக்கடையில்தான் செல்லாது. ஆகவே 130 ஆக்கிவிடலாம் என்று பெருந்தன்மையோடு எழுதியிருந்தாள். நிலுவைத் தொகை தனி.

வேலை செய்தால் கூலி என்ற யோசனை உங்களுக்கும் தோன்றும். தண்ணீர்க் கேன் மாற்ற 5 ரூபாய், துணி மடிக்க 10 ரூபாய் என்று நானும் பட்டியல் போட்டேன். அடுப்படியிலிருந்து குரல் வந்தது: "அப்ப எனக்கு எவ்வளவு? கவர்மென்ட் வேலைக்காரர் பொண்டாட்டின்னு மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் எனக்குக் கிடையாது, ஞாபகமிருக்கா?" இந்தக் கட்டத்தில் பட்டியலைக் கிழித்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

இனி தாத்தா விஷயம். நீங்கள் எந்தத் தொகையை முடிவு செய்தாலும், "அப்பாகிட்ட சொல்லாதே" என்று ஓர் இருபது ரூபாய்த் தாள் அவர் கையிலிருந்து பேத்தி கைக்குப் போகும். அவர் பழைய ஓய்வூதியம் வாங்குகிறவர், கொடுப்பார். நான் 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து பங்களிப்புத் திட்டத்தில் மாட்டியவன்.

கடைசி ஆயுதமாக அதையே பிரயோகித்தேன். வாரம் 80 ரூபாய். அதில் 10 சதவீதம் பிடித்து உண்டியலில் போடப்படும். அதே அளவு நானும் போடுவேன். பத்தாவது முடித்ததும் மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

மறுநாள் காலை பிரிட்ஜ் கதவில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. போன மாதம் கலெக்டர் ஆபீஸ் ஆர்ப்பாட்டத்துக்கு நான் பிடித்துக்கொண்டு போன அதே அட்டை. 'பங்களிப்புத் திட்டத்தை ரத்து செய்!' அவள் எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை.