ரெஃப்ரெஷ் எனும் வினா: வலது கிளிக் மரபு குறித்த ஓர் ஆராய்ச்சி முன்னுரை

கணினியை ஆன் செய்து, திரையில் ஐகான்கள் வந்து அமர்ந்ததும், வேறெதையும் தொடுமுன் காலி இடத்தில் வலது கிளிக் செய்து ரெஃப்ரெஷ் கொடுப்பது நம் ஊர் டிடிபி கடை, இ-சேவை மையம், ஆடிட்டர் அலுவலகம், கல்லூரி லேப் ஆகிய எல்லா நிலப்பகுதிகளிலும் வழங்கிவரும் ஒழுக்கம். எந்தப் பாடத்திட்டமும் இதை விதிக்கவில்லை. எந்தக் கையேடும் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் எக்செல்லில் கூட்டல் போடத் தெரியாதவருக்கும் இது தெரியும். இத்தனை பரவலான ஒரு செயலைத் தொழில்நுட்பம் கற்றோர் "அதனால ஒண்ணும் ஆகாது" என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறார்கள். ஒன்றும் ஆகாத செயல் தலைமுறை தாண்டி நிலைப்பது எப்படி என்று அவர்கள் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கு வேலை இருந்திராது. எமது துணிபு இது: ரெஃப்ரெஷ் கொடுப்பவர் கணினிக்கு மருந்து கொடுக்கவில்லை, நாடி பார்க்கிறார். "தயாரா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்குக் கணினி உண்மையாகவே விடை சொல்கிறது.

முதலில் பாடபேதங்கள். வலது கிளிக் செய்து மெனுவில் ரெஃப்ரெஷைத் தேடி அழுத்துவது மௌஸ் மரபு. எஃப்5 பொத்தானைத் தட்டுவது விசைப்பலகை மரபு. வலது கையால் வலது கிளிக், இடது கையால் உடனே 'ஈ' எழுத்து என்று இரண்டையும் இணைப்பது மூன்றாவது மரபு. பழைய மெனுவில் ரெஃப்ரெஷுக்குரிய குறுக்கெழுத்து 'ஆர்' அல்ல, 'ஈ' என்பதைக் கண்டறிந்தவர்களே இம்மூன்றாம் மரபினர்; வேகத்தில் இவர்களை வெல்ல ஆளில்லை. மூன்றிலும் நிகழ்வது ஒன்றே. விண்டோஸில் டெஸ்க்டாப் என்பதும் ஒரு ஃபோல்டர்தான். ரெஃப்ரெஷ் அந்த ஃபோல்டரில் என்னென்ன இருக்கின்றன என்பதை மறுபடி படித்து, ஐகான்களை மறுபடி வரைகிறது. அதனால்தான் அவை ஒரு கணம் மறைந்து தோன்றுகின்றன. புதிய ஃபைல் வந்தால் பெரும்பாலும் விண்டோஸ் தானாகவே அறிந்து காட்டிவிடும். நெட்வொர்க் டிரைவ் போன்ற இடங்களில் அந்தத் தகவல் சில சமயம் தவறும்போது மட்டுமே இதற்குத் தன் சொந்தப் பணி உண்டு. ரேம் காலியாவதில்லை, ஓடிக்கொண்டிருக்கும் எதுவும் நிற்பதில்லை, வேகம் இம்மியும் கூடுவதில்லை. இதுவரை எதிர்த்தரப்புக்கு முழு வெற்றி, நாம் மறுக்கவில்லை.

ஆனால் எதிர்த்தரப்பார் ரெஃப்ரெஷ் என்ற சொல்லின் மேலேயே கண்ணை வைத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய அரைநொடியைக் கவனிக்கவில்லை. வலது கிளிக் செய்ததும் திறக்கும் மெனு இருக்கிறதே, அது எக்ஸ்ப்ளோரர் தன்னந்தனியே எழுதும் பட்டியலன்று. கணினியில் குடியேறிய மற்ற மென்பொருள்கள் அதில் தத்தம் வரியைச் சேர்க்கின்றன: டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் டிரைவர், ஃபைலின் மேல் என்றால் ஆன்டிவைரஸ், வின்ரார் என்று நீளும். அந்த வரிகளுக்குரிய துண்டு நிரல்களை எழுப்பி, கேட்டு, பிறகே மெனு விரிய வேண்டும். ஒரு கிராஃபிக்ஸ் டிரைவர் சேர்த்த வரி மக்கர் செய்து, வலது கிளிக் மெனு திறக்கவே சில நொடிகள் பிடித்த கதை சர்வீஸ் துறையில் பழையது. ஆக, வலது கிளிக் என்பது கணினியின் பல உறுப்புகளை ஒருசேரத் தொட்டுப் பார்க்கும் சோதனை. டிஸ்க் மூச்சு முட்டிக்கொண்டிருந்தால் மெனு தாமதிக்கும். மௌஸ் முள் வட்டமாகச் சுழலும். எல்லாம் ஓய்ந்திருந்தால் மெனு பட்டென்று விரியும், ஐகான்கள் ஒரே இமைப்பில் வந்து நிற்கும். ரெஃப்ரெஷை அழுத்துவதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிடுகிறது. ஐகான்கள் ஒவ்வொன்றாக, இடமிருந்து வலமாக நிதானமாக நிரம்பினால் மீதி விடையும் கிடைத்தது. கடைக்காரர் டீ சொல்லிவிட்டு வரலாம்.

இந்தச் சோதனை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை எக்ஸ்பி காலத்தில் இருக்கிறது. 2001 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக் குறைந்தபட்சம் 64 எம்பி ரேம் போதும் என்று அட்டைப்பெட்டி சொன்னது. 128 எம்பி இருந்தால் நல்லது என்றும் சொன்னது. பிரவுசிங் சென்டர்கள் அட்டைப்பெட்டியின் முதல் வாக்கியத்தை நம்பி நடந்தவை. அக்கணினிகளில் வால்பேப்பரும் ஐகான்களும் தோன்றிவிட்டால் எல்லாம் தயார் என்று பொருளல்ல. யாஹூ மெசஞ்சர், பிரிண்டர் மென்பொருள், ஆன்டிவைரஸ் எல்லாம் அப்போதுதான் ஹார்ட் டிஸ்கின் ஒரே முள்ளுக்காக வரிசையில் முண்டியடித்துக்கொண்டிருக்கும். திரையோ எதுவும் நடக்காதது போல் சாந்தமாக இருக்கும். திரை சொல்வதை நம்பி ஃபோட்டோஷாப்பைத் திறந்தால் சிஸ்டம் ஹேங். எனவே பெரிய வேலையைக் கொடுக்குமுன், கெட்டாலும் நஷ்டமில்லாத ஒரு சின்ன வேலையைக் கொடுத்துப் பார்ப்பது அறிவுடைமை. அதற்கு ரெஃப்ரெஷைவிட உகந்த வேலை விண்டோஸில் இல்லை. ஃபைல் எதுவும் திறக்காது, எதுவும் அழியாது, மூடவும் வேண்டாம். பலனில்லாமை என்று எதிர்த்தரப்பார் குறைகூறும் பண்பே சோதனைக் கருவியாக அதன் தகுதி.

இனிக் கடா விடை. "இது வெறும் மூடநம்பிக்கை, 1948இலேயே உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் இதைப் புறாக்களிடம் காட்டிவிட்டார்" என்பது முதற்கடா. பசித்த புறாக்களுக்கு, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும், குறிப்பிட்ட இடைவெளியில் தீனி வரும்படி ஸ்கின்னர் அமைத்தார். ஒரு புறா கூண்டில் இடஞ்சுழியாகச் சுற்றத் தொடங்கியது. இன்னொன்று மேல்மூலையில் தலையை இடித்துக்கொண்டே இருந்தது. எட்டுப் புறாக்களில் ஆறு இப்படி ஆளுக்கொரு சடங்கைப் பிடித்துக்கொண்டன. ரெஃப்ரெஷ் கொடுத்தபின் கணினி சீரானதால் ரெஃப்ரெஷால்தான் சீரானது என்று எண்ணுவோரும் நம்மிடையே உளர். அவர்களைப் புறா வகையில் சேர்ப்பதற்கு நாம் தடை சொல்லோம். ஆனால் வேறுபாடு ஒன்று உண்டு. சுற்றிய புறாவுக்குச் சுற்றுவதால் தீனியைப் பற்றி ஒரு செய்தியும் தெரியவில்லை. ரெஃப்ரெஷ் கொடுத்தவருக்கோ மெனு திறந்த வேகம் தெரிகிறது. அதைக் கொண்டு அடுத்த ஐகானில் டபுள் கிளிக் செய்வதா, பொறுப்பதா என்று முடிவெடுக்கிறார். தன் சுற்றுக்குப் பின் புறா எந்த முடிவும் எடுத்ததாக ஸ்கின்னர் எழுதவில்லை.

மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி நமக்கு இன்னும் நெருக்கமானவர். டிரோபிரியாண்ட் தீவினரைப் பற்றி 1925இல் அவர் எழுதியது மானிடவியல் மாணவர் அனைவரும் அறிந்தது: காயலில், ஆபத்தின்றி நிச்சயமாக மீன் கிடைக்கும் இடத்தில், அவர்கள் மந்திரம் ஓதுவதில்லை, நடுக்கடலுக்குப் போகும்போது ஓதுகிறார்கள். நிச்சயமின்மை கூடும் இடத்தில் சடங்கும் கூடும் என்பது விதி. நம் தரவும் இதற்கு ஒத்தே வருகிறது. கால்குலேட்டரைத் திறக்குமுன் யாரும் ரெஃப்ரெஷ் கொடுப்பதில்லை. டேலியைத் திறக்குமுன், கோரல் டிராவைத் திறக்குமுன், கடைசி நாளில் வருமான வரிக் கணக்கை ஏற்றுமுன் கொடுக்கிறார்கள். எஸ்எஸ்டி பொருத்திய புதுக் கணினியிலும், மெனு எப்போதும் பட்டென்று விரியும் இடத்திலும், அதே கை அதே இடத்தில் அதே கிளிக்கைச் செய்கிறதே என்றால், அங்கே எம் கொள்கை சற்றுத் திணறவே செய்யும். விடை முன்கூட்டியே தெரிந்த கேள்வியைக் கேட்பது ஆராய்ச்சியாகாது. நலம் விசாரிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

"ஒருமுறை கேட்டால் போதாதா, ஏன் நான்கைந்து முறை?" என்பது அடுத்த கடா. ஒற்றை அளவீட்டை நம்பி முடிவெடுப்பவர் எந்த அறிவியலிலும் தேறமாட்டார். முதல் வலது கிளிக்கில் மெனுவின் துண்டுகள் டிஸ்கிலிருந்து நினைவகத்துக்கு வந்திருக்கும். ஆகவே முதல் தாமதம் கணினியின் உண்மையான நிலையாக இராமல் போகலாம். இரண்டாவதும் மூன்றாவதும் முறையான மறுசோதனை. ஏழுக்கு மேல் போனால் அது ஜபம். அதற்கு நாம் பொறுப்பல்ல. "டாஸ்க் மேனேஜர் இருக்கையில் இது எதற்கு?" என்பாரும் உளர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும், டிஸ்க் நூறு சதவீதம் என்று சிவக்கக் காட்டும், மெய்தான். ஆனால் மூச்சு முட்டும் கணினியில் அதுவே ஒரு கூடுதல் சுமை. மேலும், சாதிச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் பெரியவரின் முன்னால் சிவப்பும் சதவீதமுமாக ஒரு கட்டத்தைத் திறந்தால் "என்ன தம்பி, ரிப்பேரா?" என்று கேட்பார். ரெஃப்ரெஷ் கொடுத்தால் கேட்கமாட்டார். வேலை நடக்கிறது என்று எண்ணிக்கொள்வார். கவுன்ட்டருக்கு அப்புறம் நிற்பவருக்கும் ரெஃப்ரெஷ் ஒரு விடை தருகிறது என்பது ஆய்வில் தனியே விரிக்கத்தக்க பகுதி.

எம் துணிபுக்கு வெளிச்சான்று மைக்ரோசாஃப்டே தந்தது. 2012இல் வந்த விண்டோஸ் 8இல், சொந்த ஃபைல்களை விட்டுவைத்து விண்டோஸை மட்டும் புதிதாக நிறுவும் மெய்யான பழுதுநீக்கும் வசதிக்கு ரெஃப்ரெஷ் என்றே பெயர் வைத்தார்கள். உண்மையிலேயே புத்துயிர் தரும் ரெஃப்ரெஷ்! மக்கள் அதைச் சீந்தவில்லை; விண்டோஸ் 10இல் அது ரீசெட்டுக்குள் ஒரு கிளைத் தெரிவாக ஒடுங்கியது. மக்கள் தேடியது மருந்தாக இருந்திருந்தால் அதைக் கொண்டாடியிருப்பார்கள். அடுத்த சான்று இன்னும் வலியது. 2021 ஜூனில் விண்டோஸ் 11ஐ அறிமுகம் செய்தபோது வலது கிளிக் மெனுவைச் சுருக்கி அழகுபடுத்தினார்கள். சோதனைப் பதிப்பில் டெஸ்க்டாப் ரெஃப்ரெஷ் "மேலும் காட்டு" என்ற வரிக்குப் பின்னால் ஒளிந்துபோனது. ஜூலையிலேயே, இன்னொரு கிளிக் தேவையில்லாதபடி அதை முதல் மெனுவுக்குக் கொண்டுவந்துவிட்டதாக அறிவிக்க நேர்ந்தது. டாஸ்க்பாரைப் பக்கவாட்டில் நகர்த்தும் வசதியைப் பறித்ததற்கு எழுந்த முணுமுணுப்பை மீறி, அதில்லாமலேயே அக்டோபரில் விண்டோஸ் 11ஐ வெளியிட்ட நிறுவனம், ஒன்றும் செய்யாத ஒரு பொத்தானுக்கு இறங்கிவந்தது. கேள்வி கேட்கும் உரிமையில் கைவைக்கக்கூடாது என்று எவரோ அங்கே உணர்ந்திருக்க வேண்டும்.

ரெஃப்ரெஷின் உறவினர் என்று சொல்லிக்கொள்வோரிடம் எச்சரிக்கை வேண்டும். போனில் திறந்த ஆப்களையெல்லாம் வரிசையாக மேலே தள்ளி மூடுவது அப்படிப்பட்ட ஒன்று. பேட்டரி மிச்சமாகும் என்பது நம்பிக்கை. ஆப்பிளின் கிரேக் ஃபெடரிகி 2016இல் அதனால் பயனில்லை என்றார். ஆண்ட்ராய்டின் ஹிரோஷி லாக்ஹைமரும் அதே ஆண்டில் நிலைமை மோசமாகவும் ஆகலாம் என்றார், ஏனெனில் மூடிய ஆப்பை அடியிலிருந்து திறப்பதற்குக் கூடுதல் வேலை. இது கேள்வி கேட்பதன்று, வேலையைக் கெடுப்பது. பணம் கட்டும் வலைப்பக்கத்தில் எஃப்5 தட்டுவது அதைவிடக் கொடிது. அங்கே எஃப்5 ஐகானை வரைவதில்லை, கோரிக்கையையே மறுபடி அனுப்பக்கூடும். இரவில் ஷட் டவுன் செய்து காலையில் ஆன் செய்தால் எல்லாம் புதிதாகிவிடும் என்ற எண்ணம் மூன்றாவது. விண்டோஸ் 8 முதல் வந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாட்டால், ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளத்தின் உட்பகுதி டிஸ்கில் உறங்கவைக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியூவின் கீழ் 'அப் டைம்' என்ற இடத்தைப் பாருங்கள். தினமும் தவறாமல் அணைக்கப்பட்ட கணினி பல நாளாக விழித்திருப்பதாகக் கணக்குச் சொல்லும். மெய்யாகப் புதிதாக்க விரும்புவோர் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும். திரை மட்டும் உறைந்துபோனால் விண்டோஸ் விசை, கண்ட்ரோல், ஷிஃப்ட், 'பி' நான்கையும் ஒன்றாக அழுத்தலாம். திரை ஒருமுறை இருண்டு, ஒரு பீப் ஒலியுடன், கிராஃபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். விரல் வளையாதோர் முயலவேண்டா.

இம்மரபின் எதிர்காலம் பற்றி ஒரு சொல். 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. தனிநபர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 சில்லும் புதிய பிராசஸரும் இல்லாத பழைய ஹார்ட் டிஸ்க் கணினிகள் கடைகளில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அவை உள்ளவரை கேள்வி கேட்பதற்கு நியாயம் உண்டு. மேக்புக்குக்கு மாறியோர் நிலைதான் தனி ஆய்வுக்குரியது. மேக்கின் டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்தால் ரெஃப்ரெஷ் என்ற வரியே இல்லை. மெனுவின் முதல் வரி புதிய ஃபோல்டர். கண் பார்க்குமுன் கை முடித்துவிடும் பழக்கம் உடையவர்களின் மேக் டெஸ்க்டாப்பில் பெயரில்லா ஃபோல்டர்கள் எத்தனை கிடக்கின்றன என்பதை எண்ண, வருங்கால ஆய்வாளர் எவரேனும் முன்வர வேண்டும்.