தாத்தாவைத் திண்ணைக்கு அனுப்பிய கதை

ரேடியோவின் குலமுதல்வர் தீப்பொறி. 1887-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே பொறி பறக்கவிட்டார். தள்ளி இருந்த கம்பி வளையத்திலும் ஒரு குட்டிப் பொறி எழுந்தது. ஹெர்ட்ஸ் அதோடு திருப்தியடைந்தார். மார்க்கோனி திருப்தியடைகிற ஆள் இல்லை.

1901 டிசம்பர் 12 அன்று நியூஃபவுண்ட்லாந்தில் பட்டம் தூக்கிப் பிடித்த கம்பியோடு இணைத்த கேட்பானில் காதை வைத்து, அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து மூன்று ‘டிக்’ கேட்டதாகப் பின்னர் அறிவித்தார். கேட்டவர்கள் அவரும் உதவியாளரும் மட்டும். அது வானத்து இரைச்சலாகத்தான் இருக்கும் என்று சந்தேகப்படுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் 1909-ல் அவருக்கு நோபல் பரிசு வந்துவிட்டது.

1910 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷீப்ஸ்ஹெட் பே பந்தயத் திடலுக்கு மேலே, கர்ட்டிஸ் விமானத்தில் பறந்தபடி மெக்கர்டி என்ற விமானி தரைக்கு மோர்ஸ் செய்தி தட்டினார். கருவி அனுப்பத்தான், கேட்க அல்ல. இரைச்சல் என்ற புகார் எழாததன் ரகசியம் அவ்வளவுதான்.

விமானி கேட்கவும் வேண்டும் என்றபோது வந்தது வினை. 1920-களின் கடைசியில் அமெரிக்காவில் ரேடியோ வழிகாட்டி நிலையங்கள் முளைத்தன. காதில் விழும் மோர்ஸ் ஒலியை வைத்தே, பாதையில் இருக்கிறோமா விலகினோமா என்று விமானி கண்டுகொள்ள வேண்டும். காதில் விழுந்ததோ எஞ்சின்! ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஹெர்ட்ஸின் கருவிக்குச் சித்தப்பா முறை. அதற்குப் போகும் கம்பிதான் ஆன்டெனா. அமெரிக்கத் தரநிர்ணய அலுவலகத்தின் ஹாரி டயமண்ட், கார்ட்னர் என்ற சகாவோடு 1930-ல் வைத்தியம் எழுதினார்: பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ, கம்பி, பிளக் எல்லாவற்றையும் உலோக உறைக்குள் போட்டு மூடு. தாத்தா தீப்பொறியைப் பேரன் ரேடியோவின் காதில் விழாதபடி பூட்டிவைக்கும் ஏற்பாடு.

பூட்டு நிரந்தரமா என்ன? செஸ்னா 150 என்ற சிறு விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர், எட்டு பிளக், இரண்டு மேக்னெட்டோ. எஞ்சின் நிமிடத்துக்கு 2,750 சுற்று ஓடும்போது, அதே நிமிடத்தில் 11,000 பொறி. உறை எங்காவது கிழிந்தாலோ, எர்த் தளர்ந்தாலோ தாத்தா திரும்ப வந்துவிடுவார். விமானப் பேச்சு இன்னும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸில் ஏ.எம். முறையில்தான் நடக்கிறது. ஏ.எம். என்றால் அலையின் உயரத்தில் ஏற்படும் எந்தக் குலுக்கலையும் பேச்சென்று நம்பும் அப்பாவி. போதாததற்கு மின்சாரம் உற்பத்தி செய்யும் ஆல்டர்நேட்டர் வேறு, எஞ்சின் வேகம் ஏற ஏற சுருதி ஏற்றி ஊளையிடும்.

இதைக் கேட்டதும் உரிமையாளர் முதலில் செய்வது புது ரேடியோ வாங்குவது. புது ரேடியோவும் அதே ஊளையை, முன்னைவிடத் தெளிவாகப் போடும்.

ரேடியோ வாங்குமுன் விமானத்தைத் தரையில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஆல்டர்நேட்டர் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். ஊளை நின்றால் குற்றவாளி அகப்பட்டான். படபடவென்ற வெடிப்பு என்றால் மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்தால் அடங்குகிறதோ அதன் கம்பியையும் உறையையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். இரண்டையும் சேர்த்து அணைத்துவிடாதீர்கள். இரைச்சல் நிற்கும், எஞ்சினும் நிற்கும்.