வினையே, நீ வாழி!

வினையே, உன் பெருமையைப் பாடுவதற்குத் திருநாவலூரைவிடத் தகுந்த ஊர் எது? சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாக இங்கே பிறந்த நம்பியாரூரர் புத்தூரில் மணப்பந்தலில் இருந்தபோது ஒரு முதிய வேதியர் வந்து, நம்பியாரூரரின் பாட்டனார் எழுதிக் கொடுத்த அடிமை ஓலையை நீட்டினார். பாட்டனின் கையெழுத்துக்காகப் பேரனின் கல்யாணம் நின்றது. முன்னோர் எழுதியது பின்னோரைத் தேடி வரும் என்பதை எங்கள் ஊர்ப் பிள்ளையை வைத்தே உலகுக்குக் காட்டினாய். அந்தப் பிள்ளைதான் சுந்தரர். இறைவனையே பித்தன் என்று ஏசி, வன்தொண்டர் என்று பெயர் வாங்கியவர். அந்த ஊர் உரிமையில் உன்னைப் புகழ்கிறேன்.

முதலில் உன் சுறுசுறுப்பு. தமிழர் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். நீயோ வெயிலைக் கொண்டுவரச் சித்திரை பிறக்கட்டும் என்று காத்திருப்பதில்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதல் வைத்திருக்கும் கணக்கைப் பார்த்தால் உன் உழைப்பு தெரியும். 2022 மார்ச்சின் சராசரிப் பகல் வெப்பம் அதற்கு முந்தைய எல்லா மார்ச்சையும் மிஞ்சியது. 2023 பிப்ரவரியின் பகல் வெப்பம் அதற்கு முந்தைய எல்லாப் பிப்ரவரியையும் மிஞ்சியது. 2025 பிப்ரவரி, இரவும் பகலும் சேர்ந்த சராசரியில் மறுபடி முதலிடம் பிடித்தது. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து முந்திரி பூத்திருக்கும்போதே வெயிலையும் கொண்டுவந்துவிடுகிறாய். பூ கருகிவிட்டால் கொட்டை பொறுக்கும் வேலை எங்களுக்கு மிச்சம்.

அடுத்தது உன் நினைவாற்றல். நீராவி இயந்திரங்களுக்கு முன்பு காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அன்று நிலக்கரி எரித்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் விட்ட வாயுவில் ஒரு பகுதி இன்னும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றில் இருக்கும். சைவ சித்தாந்தம் உன்னை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்த்து வைத்தது சஞ்சிதம், இப்போது அனுபவிப்பது பிராரத்தம், இனிமேல் அனுபவிக்க இன்று செய்வது ஆகாமியம். காற்றில் நிற்கும் கரி, நெற்றியில் இறங்கும் வெயில், இன்று மூட்டும் உலை என்று மூன்றையும் கண்ணெதிரே காட்டிவிட்டாய். நீ உண்டா இல்லையா என்று இனியும் கேட்பவர்கள் மாசி மத்தியானத்தில் கரும்பு வெட்டும் கொல்லைக்கு வந்து பார்க்கட்டும்.

உன் கையின் நீளமும் சாதாரணமானதா? தொழிற்புரட்சி தொடங்கி இன்றுவரை எரிக்கப்பட்ட நிலக்கரி, எண்ணெய், எரிவாயுக் கணக்கில் அமெரிக்காவின் பங்கு ஏறக்குறைய கால்வாசி. இந்தியா முழுவதும் சேர்ந்தாலும் 4 சதவீதத்துக்குக் குறைவு. அந்த நாலிலும் கல்வராயன் மலையில் சாமையும் மரவள்ளியும் போடும் மலையாளிப் பழங்குடிக் குடும்பத்தின் பங்கு எவ்வளவு இருக்கும்? இருந்தாலும் கடல் கடந்து வந்து, மலையேறி, அந்த வீட்டைச் சரியாகக் கண்டுபிடிக்கிறாய். குளிரூட்டி மாட்டிய வீட்டுக் கதவை மட்டும் உன்னால் அவ்வளவு எளிதாகத் திறக்க முடிவதில்லை. வலியவரிடம் இத்தனை பொறுமை காட்டும் நீதியை வேறெங்கும் காண முடியாது.

எங்கள் கையும் சுத்தமில்லை. பக்கத்தில் நெய்வேலியில் 1962 முதல் பழுப்பு நிலக்கரி எரிந்து மின்சாரமாகிறது. அந்த மின்சாரத்தில் எங்கள் விசிறியும் சுற்றுகிறது. அந்தப் பங்குக்கு நாங்கள் பதில் சொல்வோம். அடுத்தவர் பங்குக்கும் எங்களையே பதில் சொல்ல வைப்பதுதான் உன் தாராளம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நீ தரும் சமாதானத்தைப் போற்ற வேண்டும். பயிர் சுருண்டால், "என்ன பாவம் செஞ்சமோ" என்று எங்கள் சனம் தன் தலையிலேயே அடித்துக்கொள்கிறது. அந்த ஒரு சொல்லில் எத்தனை பெரிய மனிதர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்! உன் பெயரைக் கேட்டதும் எங்கள் வாய் அடைத்துப்போகிறது. கேட்க வேண்டிய கேள்வி தொண்டைக்குள்ளேயே நின்றுவிடுகிறது.

ஆனால் இந்த வட்டாரத்தின் பழைய சபை அப்படி வாயடைத்து நிற்கவில்லை. நம்பியாரூரர் ஓலையைக் கிழித்தெறிந்த பிறகு வழக்கு திருவெண்ணெய்நல்லூருக்குப் போனது. முதியவர் மூல ஓலையைக் காட்டினார். சபையார் அதை அப்படியே நம்பிவிடவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொன்னார்கள். முதியவராக வந்து கேட்டவர் சிவபெருமானே ஆனாலும் ஆதாரம் வேண்டும் என்ற சபை அது.

காற்றில் இருக்கும் கையெழுத்தையும் ஒப்பிட்டாகிவிட்டது. கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில், காலப்போக்கில் சிதைந்துவிடும் கார்பன்-14 மிஞ்சியிருக்காது. அந்தப் புகை கலக்கக் கலக்க, காற்றில் கார்பன்-14இன் விகிதம் குறைகிறது. ஹான்ஸ் சூஸ் என்னும் விஞ்ஞானி 1955இலேயே இதைக் காட்டினார். எந்த நாடு எவ்வளவு எரித்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. இனி யாரும் ஓலையைக் கிழித்துவிட்டுப் போக முடியாது.

அதே திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டாரின் மரபு உன்னைப் பற்றி இன்னொரு உண்மையும் சொல்கிறது. நீ சடம். செய்தவர் யார் என்று உனக்குத் தானாகத் தெரியாது. அறிவுள்ள ஒருவன் உன்னைச் செய்தவரிடம் கொண்டு சேர்க்க வேண்டும். சேர்ப்பார் இல்லாத வினை பள்ளம் கண்ட இடத்தில் பாய்கிறது. அந்தப் பள்ளம் எப்போதும் ஏழையின் வாசல்தான்.

சேர்க்கும் வேலை மெல்லத் தொடங்கியிருக்கிறது. வனுவாட்டு என்னும் சின்னத் தீவு நாடு முன்னின்று எழுப்பிய கேள்விக்கு, 2025 ஜூலை 23 அன்று தி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் பதில் சொன்னது. பருவநிலையைக் காக்கும் கடமையிலிருந்து தவறும் நாடு சட்டப்படி பொறுப்பாளி, இழப்பீடும் தர வேண்டிவரலாம் என்றது. அது ஆலோசனைக் கருத்துதான். ஆனாலும் ஓலையைப் பிரித்துப் படித்த சபை அது. அந்தக் கருத்தைக் கையில் எடுத்து, கிராம சபை முதல் நாடாளுமன்றம் வரை கேட்பது எங்கள் ஆகாமியம்.

வினையே, எழுதியவர் வாசலுக்கு உன்னை நாங்களே கூட்டிப் போகிறோம். அங்கே போய் நில். அன்று நான் பாடும் போற்றியில் வஞ்சம் இருக்காது.