வரிசைக்கு ஒரு சந்தா

2018 வெள்ளத்துக்குப் பிறகு, திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் பணம் இல்லையென்று கேரள அரசு கைவிரித்தது. பிரதிநிதிக் கட்டணம் 2,000 ரூபாய் ஆனது. டிசம்பரில் விழா நடந்தது. ரசிகன் மடியில் கைவைத்தால் கலை பிழைக்கும் என்பது எத்தனை எளிய பொருளாதாரம்!

கட்டணம் கட்டியவருக்குக் கழுத்தில் அட்டை, தோளில் பை, கைரளி தியேட்டர் வாசலில் நிற்க இடம். உட்காரவும் சீட் கேட்பது பேராசை. வெயிலில் வியர்த்தபடி ஈரானியப் படங்களை அலசும் சுகம் ஏசிக்குள் வருமா?

அடுத்த நெருக்கடிக்கு என் யோசனை: படங்களையே நிறுத்திவிடலாம். அட்டை, பை, வரிசை போதும், செலவும் மிச்சம்.

பக்கத்தில் நின்ற தம்பி பதறினார்: "வேண்டாம் அண்ணே, அப்புறம் வரிசைக்கும் ரிசர்வேஷன் வெச்சிடுவாங்க!"