முதல்ல கட்டுங்க, அப்புறம் பேசலாம்

உத்தரப் பிரதேசத்தில் ஹாபூர் மாவட்டம், சம்ரி கிராமம். 2019 ஜூலை. சில விளக்குகளும் ஒரு விசிறியும் ஓடும் முதியவர் வீட்டுக்கு மின்கட்டண பில் வந்தது. தொகை 128 கோடியே 45 லட்சத்து 95 ஆயிரத்து 444 ரூபாய். இணைப்பு 2 கிலோவாட். முதியவர் கட்டவில்லை. மின்சாரத்தைத் துண்டித்தார்கள்.

பில் எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம். துண்டிப்பில் மட்டும் பிழையே வராது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 2 கிலோவாட் இணைப்பை இரவு பகல் பாராமல் முழுசாக ஓடவிட்டாலும் நாளுக்கு 48 யூனிட்தான். யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று தாராளமாக வைத்தாலும், அந்தத் தொகைக்கு மின்சாரம் செலவழிக்க 7,300 ஆண்டுகள் ஆகும். மொகஞ்சதாரோவில் முதல் செங்கல் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த வீட்டில் விசிறி சுற்றத் தொடங்கியிருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் பெருக்கல் இது. பில் போட்ட மென்பொருள் போடவில்லை. பார்த்த அதிகாரிகளும் போடவில்லை. தொழில்நுட்பக் கோளாறாம், பெரிய விஷயமில்லையாம், பில்லைக் கொண்டுவந்தால் திருத்தித் தருவார்களாம். கொண்டுபோக வேண்டியது யார்? அந்த முதியவர்தான்.

அடுத்தது குவாலியர், 2022 ஜூலை. ஒரு குடும்பத்துக்கு 3,419 கோடி ரூபாய் பில். அதைப் பார்த்து வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில் படுத்தார். விசாரித்ததில், செலவான யூனிட்டைப் பதிய வேண்டிய கட்டத்தில் ஊழியர் நுகர்வோர் எண்ணைத் தட்டியிருந்தார். திருத்திய பில் 1,300 ரூபாய். ஊழியர் கை தவறியது. மனிதக் கை, தவறும். அந்தக் கட்டம் ஏன் வாயைத் திறக்கவில்லை? சாதாரண வீடு ஒன்று ஓர் எஃகு ஆலையை மிஞ்சும் அளவுக்கு மின்சாரம் குடித்ததாக எண் வந்து நிற்கிறது. ‘சார், இது சரியா?’ என்று ஒரு வரி கேட்க அந்தத் திரைக்கு என்ன கேடு?

இதுவரை சிரிக்கலாம். இனி முடியாது.

2018 மே, மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத். ஒரு காய்கறி வியாபாரி. மீட்டர் காட்டியது 6117.8. பதிந்தது 61178. நடுவில் இருந்த ஒரு புள்ளி காணாமல் போனது. பில் 8 லட்சத்து 64 ஆயிரம் ரூபாய். அவர் தூக்கில் தொங்கினார். பிறகு ஒரு கணக்கரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். புள்ளி இல்லாத எண்ணைப் பல்லிளித்து வாங்கிக்கொண்ட மென்பொருளை யாரும் பணியிடை நீக்கம் செய்யவில்லை. அதை வடிவமைத்தவரை, சோதித்துப் பார்த்ததாகக் கையெழுத்திட்டவரை, ஏற்றுக்கொண்டு காசோலை கொடுத்தவரை யாரும் தேடவும் இல்லை.

இதைத் தடுக்கப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வேண்டாம். மின்துறையில் இதற்கு மூன்று படிகள் உண்டு: சரிபார்த்தல், மதிப்பிடுதல், திருத்துதல். வந்த எண்ணைப் போன ஆண்டு இதே மாத எண்ணோடு ஒப்பிட வேண்டும். அனுமதித்த கிலோவாட்டுக்குள் அது சாத்தியமா என்று பார்க்க வேண்டும். எண் வராத இடத்தில் உத்தேசமாக நிரப்பினால், அது உத்தேசம் என்று வேறு நிறத்தில் காட்ட வேண்டும். யாராவது திருத்தினால் பழைய எண்ணை அழிக்காமல், திருத்தியவர் பெயரையும் காரணத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும். நாளுக்கு நூற்றுக்கணக்கான வீடு ஏறி இறங்குகிறவர், வெயிலில் நின்று ஒற்றைக் கையில் இயக்கும்படி திரை இருக்க வேண்டும். இவ்வளவுதான்.

நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? எச்சரிக்கையே அடிக்காத திரை செய்கிறார்கள், அல்லது எல்லாவற்றுக்கும் எச்சரிக்கை அடிக்கும் திரை செய்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். நாளுக்கு நாலாயிரம் சிவப்புக் கட்டம் கண்டவர் ‘ஓகே’வை மட்டும்தான் பார்ப்பார். மேலதிகாரிக்கோ வட்ட வட்டமாகப் பச்சை மின்னும் டேஷ்போர்டு. வராத எண்ணை உத்தேசத்தால் நிரப்பிவிட்டால் நூற்றுக்கு நூறு பச்சை. பார்வையிட வரும் அமைச்சருக்கு அது போதும்.

சரிபார்ப்பு நடக்கவே இல்லை என்று சொல்லவும் முடியாது. நடக்கிறது. நாம் செய்கிறோம். சம்பளமில்லாமல், அரை நாள் விடுப்புப் போட்டு, பழைய ரசீதுகளை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு, வரிசையில் நின்று செய்கிறோம். கவுண்டரில் கிடைக்கும் பதில் நாடு முழுக்க ஒன்றே: ‘முதல்ல கட்டுங்க, அப்புறம் பேசலாம்.’

2020ஆம் ஆண்டின் மின் நுகர்வோர் உரிமை விதிகள் வேறு சொல்கின்றன. ஒரு நிதியாண்டில் இரண்டுக்கு மேல் உத்தேச பில் போடக் கூடாது. அதற்கு மேலும் உத்தேசமே தொடர்ந்தால், உண்மையான ரீடிங் வரும்வரை நுகர்வோர் கட்ட மறுக்கலாம். இந்த விதியை அதே கவுண்டரில் வாசித்துக் காட்டிப் பாருங்கள். ஃபியூஸ் கேரியர் வீட்டில் இருக்கிறதா என்று மட்டும் ஒரு நடை பார்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இந்த அளவுக்குக் கோடி வேண்டாம், ஒரே ஒரு யூனிட் போதும். 2022 செப்டம்பரில் அறிவித்த விகிதப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958 ரூபாய். கடைசி யூனிட்டின் விலை 233 ரூபாய். பிறகு விகிதம் ஏறியது, பொறி அப்படியே இருந்தது. ரீடிங் எடுக்க வருகிறவர் நான்கு நாள் தள்ளி வந்தால் மீட்டர் சும்மா நிற்குமா? கணக்கீட்டாளர் பணியிடங்களைக் காலியாக வைப்பது அரசு. ஓடிய யூனிட்டுக்குத் தண்டம் கட்டுவது வீட்டுக்காரர்.

மாதா மாதம் கணக்கெடுப்போம் என்று தி.மு.க. 2021 தேர்தல் அறிக்கையில் எழுதியது. கேட்டால், ஸ்மார்ட் மீட்டர் வரட்டும் என்றார்கள். 2024 டிசம்பரில் அந்த டெண்டரே ரத்தானது. அதானி நிறுவனம்தான் குறைந்த விலை கேட்டதாம். அந்தக் குறைந்த விலையே அதிகமாம். அதற்கு முந்தைய ஆட்சி மட்டும் என்ன கிழித்தது? 2020 ஊரடங்கில் ரீடிங் எடுக்க முடியாமல் முந்தைய பில்லையே மறுபடி வசூலித்து, பிறகு நான்கு மாதத்தை ஒன்றாக அளந்து பில் நீட்டியது. அன்று அதை எதிர்த்துக் கறுப்புக் கொடி பிடித்தவர்கள் பிறகு நாற்காலி பிடித்தபோது, மாதக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை.

ஸ்மார்ட் மீட்டர் வந்தால் எல்லாம் சரியாகும் என்பவர்கள் 2020 ஆகஸ்ட் 12ஐ நினைத்துக்கொள்ளட்டும். உத்தரப் பிரதேசத்தில் ஜென்மாஷ்டமி நாள். ஸ்மார்ட் மீட்டர்களுக்குத் தவறான துண்டிப்பு உத்தரவு ஒன்று போனது. ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள் இருண்டன. கண்ணன் நள்ளிரவில் சிறையில் பிறந்தவன் என்பதால் பக்தி மிகுதியில் செய்தார்களோ என்னவோ. புதிய மீட்டர் பொருத்துவதையே அரசு நிறுத்தி வைத்தது. பழைய மீட்டரில் பிழை வந்தால் ஆள் ஏணியோடு வந்து துண்டிக்க வேண்டும். ஸ்மார்ட் மீட்டரில் அந்த ஏணிச் செலவும் மிச்சம்.

இத்தனைக்கும் பணமில்லை என்று சொல்ல வாயில்லை. மின் விநியோகத்தைச் சீர்திருத்த ஒன்றிய அரசு 2021இல் அறிவித்த திட்டத்தின் மதிப்பு 3 லட்சத்து 3 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் இலக்கு. இவ்வளவு கோடிக்குள், ‘இந்த எண் நம்பும்படி இல்லை’ என்று ஒரு வரி எழுத இடம் இருக்காதா?

ஒரே ஒரு வசதியைச் சேருங்கள். பில்லின் கீழ், ‘இந்த எண்ணைப் பார்த்தேன், சரி’ என்று ஒப்புக்கொண்ட அதிகாரியின் பெயரை அச்சடியுங்கள். தவறான பில் போனால் அபராதத்தை அவர் சம்பளத்தில் பிடியுங்கள். மறுமாதமே எல்லாத் திரைகளுக்கும் பெருக்கல் தெரிந்துவிடும். நாம் ஒரு நாள் தாமதித்தால் எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்லும் அதே கணினிதானே? நமக்குத் தர வேண்டியதைக் கணக்குப் போடும்போது மட்டும் அதற்குத் தொழில்நுட்பக் கோளாறு வந்துவிடுகிறது.