'இஸ்' இருக்கிறதா? – ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஆங்கிலத்தில் ஒரு பொருள் இருப்பதாகச் சொன்னால் போதாது. 'டு பி' என்னும் வினைச்சொல் வந்து சான்றொப்பமிட வேண்டும். ஊருக்கெல்லாம் இருப்புச் சான்றிதழ் வழங்கும் இந்த அதிகாரியின் பூர்வீகத்தை விசாரிப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

2. குலமும் கோத்திரமும்

பி, ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீயிங், பீன் என இதற்கு எட்டு உருவங்கள். இலக்கணம் எட்டையும் ஒரே ரேஷன் கார்டில் ஏற்றியிருக்கிறது. வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் தனித்தனி அடுப்பு எரிகிறது. ஆம், இஸ் இரண்டும் 'இருத்தல்' என்ற பொருளுடைய தொல் இந்தோ-ஐரோப்பிய வேரில் பிறந்தவை. பி, பீயிங், பீன் ஆகியவை 'வளர்தல், ஆதல்' என்ற வேரின் வாரிசுகள். வாஸ், வேர் இரண்டும் 'தங்குதல்' வகையறா. 'ஆர்' எந்த வீட்டுப் பிள்ளை என்பதில் அறிஞர்களிடையே வழக்கு நிலுவையில் உள்ளது.

இவர்களின் பங்காளிகள் வடமொழி வழியாக நம்மூரிலும் குடியேறியிருக்கிறார்கள். 'பி'க்குப் பங்காளி பூமி. 'வாஸ்'க்குப் பங்காளி வாசஸ்தலம். 'இஸ்'ஸின் பங்காளிகள் ஆத்திகரும் நாத்திகரும். கடவுள் உண்டா என்று மேடைதோறும் மோதிக்கொள்ளும் இவ்விருவரும் ஒரே வேரில் கிளைத்தவர்கள் என்பது பங்காளிச் சண்டை பற்றிய நம் அனுபவத்தோடு முற்றிலும் ஒத்துப்போகிறது.

3. நீதிமன்றச் சான்று

1998 ஆகஸ்ட் 17 அன்று, பெருநடுவர் குழு முன் சாட்சியம் அளித்த அமெரிக்க அதிபர் பில் கிளின்டன், கேள்விக்கான விடை 'இஸ்' என்பதன் பொருளைப் பொறுத்தது என்றார். உலகம் சிரித்தது. நிகழ்காலம் வேறு, கடந்தகாலம் வேறு என்பதே அவர் வாதம். வேர்ச்சொல் நோக்கில் இது பழுதற்றது: 'வாஸ்' வேறு குடும்பம், அது செய்த காரியத்துக்கு 'இஸ்' எப்படிப் பொறுப்பாகும்?

4. ஒழிப்பு முயற்சி

எட்டு உருவங்களையும் தள்ளிவைத்து எழுதும் 'இ-பிரைம்' என்னும் ஆங்கிலத்தை 1965இல் டேவிட் போர்லண்ட் முன்மொழிந்தார். அதில் ஒருவரை முட்டாள் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. 'எனக்கு அப்படித் தெரிகிறது' என்று இறங்கிவர வேண்டும். தமிழில் இச்சீர்திருத்தம் செல்லாது. 'நீ முட்டாள்' என்பதில் வினையே கிடையாது. சண்டைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

5. முடிவு

தமிழின் 'இரு' உட்காருவதையும் குறிக்கும். யாழ்ப்பாணத்தில் விருந்தினரை 'இருங்கோ' என்றால் நாற்காலியைக் காட்டுகிறார்கள் என்று பொருள். ஆகவே இருப்பு என்பது இருக்கையைச் சார்ந்தது. நம் அலுவலகங்கள் இதை முன்பே நிறுவிவிட்டன:

"சார் இருக்காரா?"

"சீட்ல இல்லீங்க."

சீட்டில் இல்லாதவர் இல்லாதவரே. நாற்காலி முதுகில் துண்டு மட்டும் தொங்கினால் அவர் 'இஸ்'ஸா 'வாஸ்'ஸா என்பது அடுத்த ஆய்வுக்குரியது. அதற்கான நிதி விண்ணப்பம் அதே சாரின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.